52 பேர் படித்த வகுப்பிலிருந்து ஆஸ்டின் வரை

என் மனைவி மருத்துவர். ஜே-1 விசாவில் பயிற்சி முடித்தவர்கள் ஊர் திரும்பாமல் அமெரிக்காவிலேயே தொடர, டாக்டர் தட்டுப்பாடு உள்ள பகுதியில் மூன்று ஆண்டு வேலை பார்க்க ஒரு வழி உண்டு. கான்ராட் 30 என்ற அந்தத் திட்டத்தில்தான் மேற்கு டெக்சாஸின் சிற்றூர் ஒன்றுக்கு வந்தோம், பிறகு அங்கேயே தங்கிவிட்டோம். மகள் உயர்நிலைப் பள்ளி படித்ததும் அங்கேதான்.

டெக்சாஸில் பள்ளியின் அளவை அமெரிக்கன் ஃபுட்பாலை வைத்தே சொல்வார்கள். பள்ளிகளுக்கிடையே போட்டி நடத்தும் யுஐஎல் அமைப்பின் பட்டியலில் 2,200 பேருக்கு மேல் படிக்கும் பெரிய பள்ளிகள் 6ஏ. எங்களுடையது 2ஏ. மகளின் வகுப்பில், எல்லாப் பிரிவும் சேர்த்து, மொத்தமே 52 பேர். டாலஸ் புறநகரில் 6ஏ பள்ளியில் படித்த என் தங்கை மகனுக்கு கால்குலஸ் பிசி, ஃபிசிக்ஸ் சி, கம்ப்யூட்டர் சயின்ஸ் என்று ஏபி பாடங்கள், அதாவது பள்ளியிலேயே கல்லூரித் தரத்தில் நடக்கும் பாடங்கள், வரிசையாக இருந்தன. எங்களுக்கு ஏபி மூன்றே மூன்று. கணக்கு, கால்குலஸுக்கு முந்தைய படியான பிரீகால்குலஸோடு சரி.

அதைவிடச் சிக்கல், இருக்கிற பாடங்களும் ஒன்றோடொன்று மோதுவது. பாடத் தேர்வுக்கும் கல்லூரி விண்ணப்பத்துக்கும் வழிகாட்டும் பள்ளிக் கவுன்சிலரின் அறையில் ஒரு வெள்ளைப் பலகை. மேலே பீரியட்கள், பக்கவாட்டில் ஆசிரியர் பெயர்கள், ஒவ்வொரு பாடத்துக்கும் ஒரு வண்ணக் காந்தம். ஃபிசிக்ஸுக்கு ஒரே காந்தம், நான்காம் பீரியடில். பள்ளி இசைக்குழுவான பேண்டுக்கும் ஒன்றுதான், அதே பீரியடில். ஃபிசிக்ஸை நகர்த்தலாமென்றால் அந்த ஆசிரியரேதான் கெமிஸ்ட்ரியும் எடுக்கிறார், மதியம் கூடைப்பந்துப் பயிற்சியும் அவர் பொறுப்பு. பெரிய பள்ளியில் ஒரே பாடம் பல பீரியடில் நடக்கும், ஒன்று தவறினால் இன்னொன்றில் சேரலாம். மகள் பேண்டை விட்டாள். கிளாரினெட் அவ்வளவு நன்றாக வாசிப்பாள், எனக்கு இன்றும் வருத்தம்தான்.

கால்குலஸை கம்யூனிட்டி காலேஜின் டூயல் கிரெடிட்டில், அதாவது பள்ளிக்கும் கல்லூரிக்கும் சேர்த்தே கணக்கில் வரும் பாடமாக, ஆன்லைனில் படித்தாள். கூடவே ஏபி கால்குலஸ் பிசி தேர்வையும் எழுதினாள். அந்தப் பாடத்தைப் பள்ளியில் எடுத்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஆனால் தேர்வு மே மாதம் என்றாலும் பதிவு நவம்பரிலேயே முடிந்துவிடும். உங்கள் பள்ளி நடத்தாவிட்டால் நடத்துகிற பள்ளியில் இடம் கேட்க வேண்டும், அதனால் செப்டம்பரிலேயே தொடங்கிவிடுங்கள்.

விண்ணப்ப நேரத்தில் நாங்கள் அதிகம் மெனக்கெட்டது ஸ்கூல் ப்ரொஃபைலுக்கு. மதிப்பெண் பட்டியலோடு கவுன்சிலர் அனுப்பும் சில பக்கங்கள் அவை: எத்தனை பேர் படிக்கிறார்கள், என்னென்ன பாடம் உண்டு என்று இருக்கும். கிடைத்ததில் இந்தப் பிள்ளை எவ்வளவு எடுத்திருக்கிறாள் என்று கல்லூரி அளப்பது அதை வைத்துத்தான். எங்கள் பள்ளியின் ப்ரொஃபைலில், ஆசிரியர் ஓய்வு பெற்றதும் நின்றுபோன பாடங்களும் இருந்தன. அப்படியே போனால், இருந்தும் எடுக்கவில்லை என்றுதானே நினைப்பார்கள்? சொன்னதும் கவுன்சிலர் உடனே திருத்தினார். எந்தப் பாடங்கள் ஒரே பீரியடில் மோதுகின்றன என்பதையும் தன் கடிதத்தில் எழுதினார்.

சிறிய பள்ளிகளின் நிலை கல்லூரிகளுக்கும் தெரிகிறது. பள்ளியில் கால்குலஸ், ஃபிசிக்ஸ், கெமிஸ்ட்ரி கிடைக்காதவர்கள் கான் அகாடமி என்ற ஆன்லைன் பாடத்தளம் வழியாகத் தேர்ச்சியைக் காட்டலாம் என்று 2023-ல் கால்டெக் பல்கலைக்கழகம் தன் சேர்க்கை விதியைத் தளர்த்தியது. அதே ஆண்டு எம்ஐடி, யேல், சிகாகோ உட்பட 16 கல்வி நிறுவனங்கள் சிற்றூர் மாணவர்களுக்காக ஸ்டார்ஸ் என்ற கூட்டமைப்பைத் தொடங்கின.

அடுத்தது ரேங்க். மகள் விண்ணப்பித்தபோது, டெக்சாஸ் பள்ளியில் முதல் 6 சதவீதத்தில் இருந்தால் ஆஸ்டினில் உள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் (யூடி ஆஸ்டின்) இடம் உறுதி. 52-ல் அது மூன்று பேர். ஒரே ஒரு பி கிரேடு போதும், மூன்றாவது ஆள் நான்காவதாக. வெளியே படிக்கும் பாடம் ரேங்க் கணக்கில் சேருமா என்பது ஊருக்கு ஊர் மாறும், எழுத்தில் கேட்டு வாங்குங்கள். மகள் இரண்டாவதாக வந்தாள். பல்கலைக்கழகத்தில்தான் இடம் உறுதி, பாடப்பிரிவில் இல்லை. எலெக்ட்ரிக்கல் இன்ஜினியரிங் கிடைத்ததற்கு அந்த கால்குலஸ் உதவியது என்றே நம்புகிறேன். 2026 சேர்க்கைக்கு வரம்பு 5 சதவீதமாகிவிட்டது.

சிற்றூருக்குப் பிள்ளைகளோடு வருபவர்கள் முதலில் கேட்க வேண்டியது, எட்டாம் வகுப்பிலேயே அல்ஜீப்ரா 1 உண்டா என்று. ஒன்பதில் தொடங்கினால், வழக்கமான வரிசையில் பன்னிரண்டில் பிரீகால்குலஸ் வரைதான் போக முடியும்.