மஞ்சள் சிப்பிக் காளான் இந்த முறையும் கவிழ்த்துவிட்டது

மரத்தூள் நிரப்பி, டிரம்மில் ஆவியில் வேகவைத்து, காளான் விதை போட்ட 20 பையில் 13 பச்சைப் பூஞ்சை. சாம்பல், வெள்ளை, இளஞ்சிவப்புச் சிப்பி மூன்றும் அதே டிரம்மில் அதே நாளில் வெந்தவைதான். மூன்றிலும் சேர்த்துக் கெட்டது 4 பை. ‘மஞ்சளுக்கு நம் ஊர் ஒத்துவராது’ என்று முடிவுகட்டி விதையைக் குப்பையில் போட இருந்தேன். இத்தனைக்கும் நம் ஊர்ச் சூடு அதற்குப் பிரச்சினையே இல்லை என்பதும் எனக்குத் தெரியும்.

அப்புறம்தான் உறைத்தது. இரண்டு முறையும் மஞ்சள் பைகளை மேலடுக்கில் வைத்தேன். ஆவி மூடியில் பட்டு நீராகி, சொட்டுச் சொட்டாக நேரே பை வாயை அடைத்த பஞ்சில் இறங்குகிறது. ஒரு பஞ்சை எடுத்துப் பிழிந்தேன், தண்ணீர் ஓடியது. நனைந்த பஞ்சு பச்சைக்குக் கதவைத் திறந்து வைத்த மாதிரி. 8 மணி நேரம் வேகவைத்தும் பயனில்லை. பஞ்சின் மேல் நாளிதழ் சுற்றி ரப்பர் வளையம் போட்டேன், காகிதமும் ஊறிப்போனது. பால் டின் மூடி கவிழ்த்தேன், கொதியில் நகர்ந்துவிட்டது. இப்போது டிரம் மூடிக்குக் கீழே இரண்டு மடிப்புச் சாக்கு. நேற்று ஒரு டிரம் பார்த்தேன், பஞ்சு மொறுமொறுவென்று இருந்தது.

மஞ்சளை ஏன் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறேன் என்றால், எர்கோதயோனின் என்ற ஆக்சிஜனேற்றத் தடுப்புப் பொருளுக்காக. நம் உடம்பு அதைத் தயாரிக்காது, சாப்பாட்டில்தான் வர வேண்டும். சிப்பி வகைகளை அளந்து பார்த்த ஆய்வுகளில் மஞ்சள் பெரும்பாலும் முன்னால் நிற்கிறது. ஆனால் ஒரே வகைக்குள்ளும் விதைக்கு விதை அளவு மாறும். தூள், தவிடு, எத்தனையாவது அறுவடை என்பதெல்லாமும் மாற்றும். ஆகவே நான்கையும் ஒரே தூளில் (100 தூள், 10 தவிடு, 1 சுண்ணாம்பு), முதல் அறுவடையிலேயே பறித்து உலர்த்தி ஆய்வகத்துக்கு அனுப்புவதுதான் திட்டம். டிரம்மில் எந்த அடுக்கு என்பதையும் இனிமேல் குறித்து வைக்கிறேன். பீட்டா குளூக்கான் என்ற நார்ச்சத்தையும் அளக்கச் சொல்ல வேண்டும்; அது தொப்பியைவிடத் தண்டில் அதிகம். நாம் நறுக்கி எறிவதோ தண்டைத்தான்.

தூள் வாங்குபவர்களுக்கு ஒரு வார்த்தை. போன ஆண்டு ஒரு மில்லில் வாங்கியது பால்மர (ரப்பர் மர) தூள்தான், ஆனால் பூச்சி அரிக்காமலிருக்க போரான் மருந்து ஏற்றிய பலகையை இழைத்த தூளும் கலந்திருந்தது. பார்வையில் தெரியாது. காளானின் வெள்ளை இழை பாதிப் பையில் நின்றுவிட்டது. கேட்டதற்கு “தூள் தூள்தானே” என்றார்கள். பச்சை மரம் அறுத்த தூள் என்று கேட்டு வாங்குங்கள், ஒரு மூட்டைக்கு இரண்டு வெள்ளி (ரிங்கிட்) கூடினாலும்.

அடுத்து வைட்டமின் டி. பறித்த காளானை தொப்பியின் அடியிலுள்ள மடிப்புப் பக்கம் மேலே வைத்து உச்சி வெயிலில் காட்டினால், அதிலுள்ள எர்கோஸ்டெரால் என்ற கொழுப்புப் பொருள் வைட்டமின் டி2 ஆகிறது. கண்ணாடி ஜன்னலுக்குள் வைத்தால் நடக்காது. மலேசியாவில் எங்கள் சுங்கை சிப்புட்டில் மத்தியானம் மூன்று மணிக்கு மேல் மழையை நம்ப முடியாது என்பதால் 11 மணிக்கே முறத்தை வெளியே வைக்கிறேன். (‘சிப்புட்’ என்றால் மலாயில் நத்தை. சிப்பிக் காளானுக்குப் பொருத்தமான ஊர்தான்.)

மிஞ்சிய 7 மஞ்சள் பையில் நேற்று 340 கிராம் கிடைத்தது. ஆய்வகத்துக்கென்று முறத்தில் பரப்பிவிட்டு வேலைக்குப் போனேன். சாயங்காலம் வந்தால் முறம் கழுவிக் கவிழ்த்திருந்தது. அம்மா முட்டை ஊற்றிப் பிரட்டியிருந்தார், தண்டோடு.