கூரைக்கு ஏறிய நாய்

எங்கள் குடியிருப்பின் மூன்றாம் மாடியில் ஓய்வுபெற்ற தலைமை எழுத்தர் ஒருவர் இருக்கிறார். விடை தெரியாத கேள்வி என்று அவருக்கு ஒன்று கிடையாது. கைப்பேசிக்கு வரும் செய்தியை முதலில் எல்லோருக்கும் அனுப்பிவிடுவார், படிப்பது பிறகுதான். போன வாரம் மழையில் மின்சாரம் போனது. மாடிப்படியில் அவசர விளக்கை வைத்துக்கொண்டு ஆங்கிலத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்த என் அக்கா மகளும் அவள் தோழியும் அவரிடம் வசமாகச் சிக்கினார்கள்.

கொட்டுகிற மழையே பாடமாயிற்று. கொட்டும் மழையை ஆங்கிலத்தில் 'ரெயினிங் கேட்ஸ் அண்ட் டாக்ஸ்', அதாவது பூனையும் நாயுமாகப் பெய்கிறது என்பார்களே, அது எப்படி வந்தது தெரியுமா என்று ஆரம்பித்தார். பழைய இங்கிலாந்தில் நாயும் பூனையும் வைக்கோல் கூரைமேல்தான் படுத்திருக்குமாம். மழையில் கூரை வழுக்கினால் பொத்துப் பொத்தென்று கீழே விழுமாம்.

"நாய் எப்படித் தாத்தா கூரைமேல் ஏறும்?" என்றாள் அக்கா மகள்.

"ஏணி இருந்திருக்கும்," என்றார், கண்ணைக்கூட இமைக்காமல்.

அதற்குமேல் என்னால் சும்மா இருக்க முடியவில்லை. அந்தக் கூரைக் கதை 1999இல் மின்னஞ்சலில் உலகைச் சுற்றிவந்த கட்டுக்கதைகளில் ஒன்று. ஜொனாதன் ஸ்விஃப்ட் லண்டன் மழையைப் பற்றி 1710இல் எழுதிய கவிதையில், செத்த பூனைகளும் மூழ்கிய நாய்க்குட்டிகளும் சாக்கடை வெள்ளத்தில் உருண்டு வருவது உண்மைதான். ஆனால் நாயும் பூனையும் மழையாகப் பெய்வதாக 1651இலேயே ஆங்கிலத்தில் எழுதிவிட்டார்கள். ஆகவே மூலம் இதுதான் என்று இன்றுவரை எவரும் நிறுவவில்லை என்றேன்.

"நிறுவாததைத் தேர்வில் எப்படித் தம்பி எழுதுவது? ஏணி என்றாலாவது இரண்டு மதிப்பெண் கிடைக்கும்," என்றார் அவர். தோழி ஏணியைக் குறித்துக்கொண்டாள்.

விடுவேனா? ஜான் டென்னிஸ் கதையை எடுத்தேன். இந்த நாடகாசிரியர் 1709இல் தம் நாடகத்துக்காக இடியோசை எழுப்பப் புது வழி ஒன்று கண்டுபிடித்தார். லண்டன் டிரூரி லேன் அரங்கில் நாடகம் சீக்கிரமே படுத்துவிட்டது; இடி மட்டும் பிழைத்துக்கொண்டது. பிறகு அதே அரங்கில் 'மாக்பெத்' பார்க்கப் போனவரின் காதில் தம் இடியே வந்து விழுந்தது. மனிதர் எழுந்து நின்று, என் நாடகத்தை ஓடவிட மாட்டார்கள், என் இடியை மட்டும் திருடிக்கொள்வார்கள் என்று கத்தினாராம். ஒருவர் புகழை இன்னொருவர் தட்டிக்கொண்டு போவதை 'இடியைத் திருடுவது' என்று ஆங்கிலத்தில் சொல்வது அங்கிருந்துதான். நான் முடிக்கவும் வானம் ஒரு முறை அதிரவும் சரியாக இருந்தது.

"இது யாருடையது?" என்று கேட்டார் தலைமை எழுத்தர். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நான் சொன்ன கதைக்கு அந்தச் சிரிப்பில் கால் பங்குகூடக் கிடைக்கவில்லை.

அக்கா மகளின் கவலை வேறு. 'புட் ஆன்' என்றால் உடுத்து, 'புட் அவுட்' என்றால் அணை, 'புட் ஆஃப்' என்றால் ஒத்திப்போடு, 'புட் அப் வித்' என்றால் பொறுத்துக்கொள். ஒரே 'புட்' இத்தனை வேடம் போட்டால் எதை நம்புவது என்றாள். அயல்நாட்டாருக்கு மிகப் பெரிய தொல்லை இத்தகைய வினைகள்தான் என்று சாமுவேல் ஜான்சனே 1755இல் தம் அகராதியின் முன்னுரையில் எழுதியிருப்பதைச் சொன்னேன்.

"அவரே ஒப்புக்கொண்ட பிறகு எங்களுக்கு எதற்கு மாமா தேர்வு?"

இதற்கு ஏணிக்காரரிடமும் விடை இல்லை.

பேச்சை மாற்ற 'ரீட் தி ரயட் ஆக்ட்' பற்றி ஆரம்பித்தேன். அடங்காதவர்களைக் கடுமையாகக் கண்டிப்பதை ஆங்கிலத்தில் 'கலகச் சட்டத்தை வாசிப்பது' என்பார்கள். பிரிட்டனில் 1715இல் நடைமுறைக்கு வந்த கலகச் சட்டம் அது. பன்னிரண்டு பேரோ அதற்கு மேலோ கூடிக் கலகம் செய்தால் அந்தக் காலத்தில் அதிகாரி வந்து கலைந்துபோகும்படி அறிவிப்பை உரக்க வாசிப்பார். ஒரு மணி நேரத்துக்குள் கலையாதவர்களுக்கு மரண தண்டனைவரை இருந்தது.

விளக்கிக்கொண்டிருக்கும்போதே கதவு திறந்தது. அக்கா. "நாளைக்குத் தேர்வு. இங்கே என்ன கச்சேரி?"

நாங்கள் மொத்தம் நான்கே பேர் என்பதையோ, சட்டப்படி ஒரு மணி நேர அவகாசம் உண்டு என்பதையோ எடுத்துச்சொல்ல எனக்குத் துணிவில்லை. முதலில் படியேறியவர் தலைமை எழுத்தர்தான்.