மீன் இம்யூனாலஜி பேப்பருக்கு நான் படிச்ச விதம்

பி.எஃப்.எஸ்சில (மீன்வள டிகிரி) மீன் நோய் பேப்பர் எழுதப் போறவங்க, ஐசிஏஆர் பிஜி என்ட்ரன்ஸுக்கு படிக்கிறவங்க, உங்களுக்காகத்தான் இது. முதல் இன்டர்னல்ல நான் பிளஸ் டூல படிச்ச மனுஷ இம்யூனாலஜிய, அதாவது நோய் எதிர்ப்பு பாடத்த, அப்படியே எழுதி வச்சேன், எலும்பு மஜ்ஜை, நிணநீர் முடிச்சு, ஐஜிஜி (ஒரு வகை ஆன்டிபாடி, அதாவது கிருமிய எதிர்க்கிற புரதம்) எல்லாம். நம்ம ரோகு, கட்லாவுக்கு இந்த மூணுமே கிடையாது, பாதி மார்க் போயிடுச்சு.

அப்புறம் பிராக்டிகல்ல ரோகுவ அறுத்தப்பதான் விஷயம் பிடிபட்டுச்சு. செவுளுக்குப் பின்னாடி, முதுகெலும்ப ஒட்டி கருஞ்சிவப்பா கொழகொழன்னு ஒண்ணு இருந்துச்சு, உறைஞ்ச ரத்தம்னு நெனச்சு தண்ணிய ஊத்தி கழுவப் போனேன், மேடம் கையப் பிடிச்சு நிறுத்திட்டாங்க. அதுதான் தலைச்சிறுநீரகம், ஹெட் கிட்னி. மஜ்ஜை பண்ற வேலைய மீன்ல பண்றது அதுதான், ரத்த அணுவும் அங்கதான் உருவாகுது, ஆன்டிபாடியும் அங்க சுரக்குது. அதோட தைமஸ், மண்ணீரல் சேத்து மூணையும் படம் வரைஞ்சு பாகம் குறிங்க, மனப்பாடம் பண்ணவே வேணாம்.

ஆன்டிபாடில ரெண்டு பாயிண்ட் போதும். மீனோட ஐஜிஎம் நாலு அலகு சேந்தது, மனுஷனுக்கு அஞ்சு. 2005ல கண்டுபிடிச்ச ஐஜிடி (IgT) குடல், செவுள், தோல் மேல இருக்கிற சளில வேலை செய்யுது.

ரொம்ப முக்கியமானது வெப்பநிலை. மீன் குளிர்ரத்தப் பிராணி, அதனால தண்ணி குளிர்ந்தா ஆன்டிபாடி உருவாகறதும் மெதுவாயிடும். இத இ.யு.எஸ் நோயோட (மீன் உடம்புல புண் வர்ற நோய்) சேத்துப் படிங்க. அஃபனோமைசஸ் இன்வேடன்ஸ்ங்கிற கிருமி, பாக்க பூஞ்சை மாதிரியே இருக்கும் ஆனா உண்மையான பூஞ்சை இல்ல, 1988ல இந்தியாவுக்குள்ள வந்துச்சு. மழை முடிஞ்சு தண்ணி குளிர்ற மாசத்துல கிருமியோட ஸ்போர் (வித்து) பெருகும், அதே நேரம் மீனோட அழற்சி எதிர்வினை (கிருமி புகுந்த இடத்துல உடம்பு காட்டற எதிர்ப்பு) தாமதமாகும், விரால் உடம்பு முழுக்க புண்ணாயிடும். அதே தண்ணில இருக்கிற சாதா கெண்டை பெரும்பாலும் தப்பிச்சிடும், அதோட அழற்சி எதிர்வினை கிருமிய ஆழமா பரவ விடாம தடுத்துடுது. "ஏன் குளிர்காலத்துல?"ன்னு செமஸ்டர்ல அஞ்சு மார்க்குக்கு கேட்டாங்க, இத அப்படியே எழுதினேன், முழு மார்க்.

இன்னொண்ணு, இறால மீனோட கலந்து எழுதாதீங்க. இறாலுக்கு ஆன்டிபாடியே கிடையாது, பிறவி எதிர்ப்பு மட்டும்தான், அதனாலதான் வெள்ளைப்புள்ளி நோய்க்கு மீனுக்குப் போடற மாதிரி தடுப்பூசி போட்டு சமாளிக்க முடியல. எங்க பேட்ச்ல நெறைய பேரு இங்கதான் கோட்டை விட்டாங்க.