பனிமேகத்தில் உறையாத நீரைத் தேடி

மேகம் பனியாகப் பொழிகிறது என்றால் உள்ளே எல்லாமே உறைந்துவிட்டது என்று அர்த்தமில்லை. மைனஸ் 15 டிகிரி செல்சியஸில்கூட உறையாத நுண்துளிகள் அதில் மிதக்கும். விமான இறக்கையில் பட்டவுடன் உறைந்து ஒட்டிக்கொள்பவை இவைதான். நேர் மேலே பார்க்கும் 35 கிகாஹெர்ட்ஸ் மேக ரேடாரின் தரவில் இவற்றைக் கண்டுபிடிக்கும் வேலை எனக்கு வந்தது.

எதிரொலியின் வலிமை இதற்கு உதவாது. அது துகளின் விட்டத்தின் 6ஆம் அடுக்கைப் பொறுத்தது. விட்டம் 2 மடங்கானால் எதிரொலி 64 மடங்காகும். மில்லிமீட்டர் அளவுள்ள பனிக்கு நடுவே 20 மைக்ரோமீட்டர் துளியைத் தேடுவது, முரசொலிக்குள் கொலுசொலியைத் தேடுவது போல.

வழி கிடைத்தது டாப்ளர் நிறமாலையில், அதாவது எந்த வேகத்தில் எவ்வளவு எதிரொலி என்று காட்டும் வரைபடத்தில். பனித்திரள் வினாடிக்குச் சுமார் 1 மீட்டர் வேகத்தில் விழும். நுண்துளியோ ஒரு சென்டிமீட்டர்தான், அதாவது காற்றோடு போகும். ஆகவே ஒவ்வொரு உயரத்திலும் எதிரொலியை வேகவாரியாகப் பிரித்தால், பனியின் பெரிய உச்சிக்குப் பக்கத்தில், பூச்சியத்தை ஒட்டி, சின்னதாக இன்னொரு உச்சி எழும். அதை முதன்முதலில் தெளிவாகப் பார்த்தபோது வந்த மகிழ்ச்சி பெரியது.

ஆனால் மெதுவாக விழுவதெல்லாம் நீர் இல்லை. மைனஸ் 5 டிகிரி பக்கத்தில் புதிதாகப் பிறக்கும் ஊசிப் படிகங்களும் இதேபோல் தனி உச்சி காட்டும். அங்கே முனைவாக்கம், அதாவது ரேடார் அலை அதிரும் திசை, கைகொடுத்தது: ஊசிகள் அலையின் முனைவை மாற்றித் திருப்பும், உருண்டைத் துளிகள் அநேகமாக மாற்றாது. ரேடியோ அலைக்குப் பதில் லேசர் ஒளியை அனுப்பும் லைடாரோடும் ஒப்பிட்டேன். துளிகளை அது பளிச்சென்று காட்டும். ஆனால் அடர்த்தியான முதல் நீர் அடுக்கிலேயே ஒளி தீர்ந்துபோகும். அதற்கு மேலே ரேடாரை நம்பித்தான் ஆக வேண்டும். நுண்ணலைக் கதிர்மானியும் இருந்தது. மொத்தம் எவ்வளவு நீர் என்று சொல்லும், எந்த உயரத்தில் என்று சொல்லாது.

எனக்கு அதிகம் பிடித்த தடயம் வேறொன்று. நீர் அடுக்குக்குக் கீழே பனியின் வேகம் வினாடிக்கு 1.5 மீட்டரைத் தாண்டுகிறதா என்று பார்ப்பேன். தாண்டினால், துளிகள் பனிமேல் உறைந்து அதைக் கனமாக்கியிருக்கின்றன என்று பெரும்பாலும் கொள்ளலாம். இறங்கு காற்று இல்லையா என்று மட்டும் உறுதிசெய்ய வேண்டும்.

காற்று கொந்தளிக்கும்போது இரண்டு உச்சிகளும் ஒன்றாகக் கலந்துவிடும். அப்படிப்பட்ட உயரங்களை ‘தெரியவில்லை’ என்றே குறித்தேன். அங்கே ‘நீர் இல்லை’ என்று எழுதினால், அதை நம்பிப் பறப்பவருக்கு ஆபத்து.