மரகதத்தில் வெளுத்த கோடுகள்

கோவையில் ஒரு நகைப் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்த முதல் மாதமே ஒரு மரகத மோதிரத்தைக் கெடுத்துவிட்டேன். மெருகு போட்ட நகைகளின் இடுக்குகளில் மெழுகு அடைத்துக்கொள்ளும். அதை எடுக்க அல்ட்ராசானிக் தொட்டி ஒன்று இருந்தது; காதுக்குக் கேட்காத ஒலியால் தண்ணீரை அதிரவைத்துச் சுத்தம் செய்யும் தொட்டி. சங்கிலிகளோடு அந்த மோதிரத்தையும் கூடையில் வைத்து இறக்கினேன். வெளியே எடுத்தபோது தங்கம் பளபளத்தது. கல்லுக்குள் மட்டும் நூல் நூலாக வெள்ளைக் கோடுகள்.

"கல்லு உடையல தம்பி. உள்ள இருந்த எண்ணெய் போயிடுச்சு" என்றார் மூத்த ஆசாரி. பெரும்பாலான மரகதங்களில் பிறவியிலேயே நுண்ணிய வெடிப்புகள் உண்டு. அவை தெரியாமலிருக்க எண்ணெய் ஏற்றித்தான் விற்பார்கள். அவர் திட்டவே இல்லை. எனக்குத்தான் அன்றிரவு தூக்கம் வரவில்லை.

தண்ணீருக்கு எங்கிருந்து அந்த வலு வந்தது? தேடித் தேடிப் படித்தேன். எங்கள் தொட்டி நொடிக்கு 40,000 தடவை அதிரும். ஒவ்வோர் அதிர்விலும் தண்ணீர் இழுபட்டு, உடனே நெருக்கப்படும். இழுபடும்போது அழுத்தம் குறைந்து, கண்ணுக்குத் தெரியாத குமிழிகள் பிறக்கும். நெருக்கப்படும்போது அவை இடிந்து விழும். அந்தக் கணத்தில் குமிழிக்குள் சுமார் 5,000 டிகிரி வெப்பம்! குமிழியும் சிறிது, கணமும் சிறிது என்பதால் தண்ணீர் கொதிப்பதில்லை. நகையை ஒட்டியிருக்கும் குமிழி உருண்டையாகச் சுருங்காது. மறுபக்கம் உள்வாங்கி, ஊசி போன்ற நீர்த்தாரை நகையை நோக்கிப் பாயும். அழுக்கைப் பெயர்ப்பது அதுதான். கப்பல் புரொப்பெல்லரை அரிப்பதும் இப்படி இடியும் குமிழிகள்தான். அவை இடியும்போது எழும் அழுத்தத்தை ஆங்கிலேய இயற்பியலாளர் லார்ட் ரேலி 1917-லேயே கணக்கிட்டிருக்கிறார்.

கண்ணால் பார்க்கவும் வழி இருந்தது. சாப்பாடு கட்டும் அலுமினியத் தாளை ஒரு நிமிடம் தொட்டியில் தொங்கவிட்டேன். வெளிச்சத்தில் பிடித்தால் அம்மைத் தழும்பு போலக் குழிகள், ஊசித் துளைகள். வலது மூலைப் பக்கம் மட்டும் தாள் வழவழவென்றே இருந்தது. அந்த மூலையில் வைக்கும் நகைகள் ஏன் மங்கலாக வந்தன என்பது அப்போதுதான் புரிந்தது. அங்கே தொட்டியின் அடியில் ஒட்டியிருந்த, தண்ணீரை அதிரவைக்கும் கட்டி கழன்றிருந்தது.

அப்புறம் தண்ணீர். புதிதாக ஊற்றிய தண்ணீரில் காற்று கரைந்திருக்கும். அது குமிழிக்குள் புகுந்து மெத்தைபோல் தாங்கிக்கொண்டால் அடி பலமாக விழாது. அதனால் காலையில் பத்து நிமிடம் தொட்டியை வெறுமனே ஓடவிடுவேன். மரகதம், முத்து, பவளம், ஓப்பல் எல்லாம் தனித்தட்டில் காத்திருக்கும். அவற்றுக்கு வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரும் மெல்லிய பிரஷும் போதும்.

அந்த மோதிரத்துக்கு மறுபடி எண்ணெய் ஏற்றிக் கொடுத்தோம். கொடுக்கும் முன், நடந்ததை மோதிரத்துக்குச் சொந்தக்கார அம்மாவிடம் நானே சொன்னேன்.