கூட்டலில் வராத மார்க்

மார்ச் 12, 2023, ஞாயிறு

மகள் யாழினியைக் குதிரைச் சவாரி டீமில் எடுத்துவிட்டார்கள். காரில் ஏறியதும் முதலில் சொன்னது அதுதான். அப்புறம்தான் சீட் பெல்ட்.

அவள் இரண்டு வருடமாகப் போனி கிளப்பில் இருக்கிறாள். 1929-இல் பிரிட்டனில் ஆரம்பித்து 1954-இல் அமெரிக்காவுக்கு வந்த அமைப்பு. பெயரைப் பார்த்துக் குட்டிக் குதிரைகளுக்கான சங்கம் என்றுதான் நான் நினைத்திருந்தேன். ஆனால் பெரிய குதிரையும் வரலாம். அங்கே சவாரியோடு குளம்பு சுத்தம் செய்வது, தீவனம் அளப்பது, காய்ச்சல் பார்ப்பது எல்லாமே பாடம். ஜூனில் மாவட்டங்கள் சேர்ந்து நடத்தும் டிரெஸ்ஸாஜ் போட்டி இருக்கிறது, அதற்கு 'ராலி' என்று பேர். டிரெஸ்ஸாஜ் என்றால், எழுதிக்கொடுத்த அசைவுகளைக் குதிரையோடு ஒவ்வொன்றாகச் செய்துகாட்டி மார்க் வாங்குவது. ஒரு டீமுக்கு நான்கு சவாரிக்காரர்கள், கூட லாயத்தைக் கவனிக்க ஒரு பிள்ளை. நான்கு பேர் மார்க்கில் மேலே உள்ள மூன்றைத்தான் கூட்டுவார்கள்.

"அப்ப நாலாவது மார்க்?" என்று கேட்டேன்.

"அது டிராப் ஸ்கோர்ப்பா. விட்டுடுவாங்க."

இரவு அந்தியூருக்குப் போன் போட்டேன். அம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "குதிரை மேல உக்காந்து வட்டம் சுத்தறதுக்கு மார்க்காடா?" என்றாள். ஆமாம்மா என்றேன். வேறென்ன சொல்ல!

ஏப்ரல் 16, ஞாயிறு

டிரெஸ்ஸாஜ் மைதானத்தின் ஓரத்தில் எழுத்துப் பலகைகள் நிற்கும். நுழைகிற இடம் ஏ. அங்கிருந்து இடப்பக்கமாகப் போனால் கே, ஈ, ஹெச். நேர் எதிரே நடுவர் உட்காரும் இடம் சி. திரும்பி வரும் வழியில் எம், பி, எஃப். நட்டநடுவில், பலகை இல்லாமல், எக்ஸ். ஏன் இந்த வரிசை என்பதற்கு ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள். மனப்பாடம் செய்ய இங்கே ஆங்கிலத்தில் ஒரு ராஜாவைப் பற்றிய வாக்கியம் உண்டு. அது எனக்கு நாக்கில் நிற்கவில்லை. அதனால் நானே ஒன்று கட்டினேன்: "அக்கா கடையில் எடுத்த ஹல்வா, சித்தி மறைத்தாள் பெரிய ஃபிரிட்ஜில்." யாழினி கண்ணை உருட்டினாள். பத்து நிமிடம் கழித்து அவளே முணுமுணுத்துக்கொண்டிருந்தாள்.

எட்டுப் பேப்பர் தட்டுகளில் எழுத்தை எழுதி, வீட்டு வாசல் டிரைவ்வேயில் வைத்தோம். அவள்தான் குதிரை, அவள்தான் ஆள். நான் 'ரீடர்'. இந்தக் கீழ்நிலைத் தேர்வுகளில் வெளியே நின்று ஒருவர் அடுத்தடுத்த அசைவை உரக்க வாசிக்கலாம். வாசகத்தில் இருப்பதை அப்படியே ஒரு தடவை, அவ்வளவுதான். காதில் விழவில்லையோ என்று நியாயமான சந்தேகம் இருந்தால் மட்டும் இன்னொரு தடவை. "நல்லா பண்றே கண்ணு" என்றெல்லாம் நடுவில் சொல்லக்கூடாது. எனக்கு அதுதான் கஷ்டம்.

பக்கத்து வீட்டுக்காரர் புல் வெட்டுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார். பதின்மூன்று வயதுப் பெண் குதித்துக் குதித்து ஓடுகிறாள், அப்பன் "எக்ஸில் நில், வணக்கம் வை" என்று கத்துகிறான். விளக்கம் சொல்லலாமா என்று யோசித்தேன். வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

மே 20, சனி

எங்களுக்குச் சொந்தக் குதிரை கிடையாது. பிஸ்கட் என்ற பதினேழு வயதுக் கிழவனை வாரத்துக்கு மூன்று நாள் பாதி வாடகையில் எடுத்திருக்கிறோம். செம்பழுப்பு நிறம், நெற்றியில் வெள்ளைச் சுட்டி. யாரைப் பார்த்தாலும் சட்டைப் பையை மோந்து பார்ப்பான். கேன்டருக்கு, அதாவது மிதமான பாய்ச்சலுக்கு, போகச் சொன்னால், "இப்பவா?" என்பதுபோல் ஒரு காதை மட்டும் பின்னால் திருப்புவான்.

இன்று லாயத்தில் பெரிய பெண் ஒருத்தி, பதினேழு வயது, வட அமெரிக்க இளையோர் சாம்பியன்ஷிப்பைப் பற்றிச் சொன்னாள். 14 முதல் 18 வயது வரை ஜூனியர், 16 முதல் 21 வரை யங் ரைடர். அமெரிக்க டிரெஸ்ஸாஜ் சம்மேளனம் நாட்டை ஒன்பது பகுதிகளாகப் பிரித்திருக்கிறது, அந்தந்தப் பகுதி ஒரு டீமை அனுப்பும். அங்கும் நான்கு பேர், மேல் மூன்று மார்க். அந்தத் தேர்வுகளில் ரீடர் கிடையாது, எல்லாம் மனதில் இருக்க வேண்டும். அவள் குதிரையின் விலையை யாரோ போகிறபோக்கில் சொன்னார்கள். நான் எங்கள் கார் கடனை நினைத்துக்கொண்டு அமைதியாக நின்றேன். பணம் இல்லாவிட்டாலும் திறமை இருந்தால் போதும் என்று இந்த விளையாட்டில் யாரும் எனக்குச் சமாதானம் சொல்ல வேண்டாம்.

ஆனால் கோச் யாழினிக்கு வேறொரு கதை சொன்னார். லெண்டன் கிரே என்ற சவாரிக்காரர் 'செல்டம் சீன்' என்ற குதிரையை டிரெஸ்ஸாஜின் உச்சமான கிராண்ட் பிரீ வரைக்கும் கொண்டுபோனாராம். அதன் உயரம் 14.2 கை, அதாவது 14 கையும் 2 அங்குலமும் (ஒரு கை நான்கு அங்குலம்). போனி அளவு. அவர் 1988 சியோல் ஒலிம்பிக்கில் சவாரி செய்தவர். பிறகு பிள்ளைகளுக்கென்றே 'டிரெஸ்ஸாஜ் ஃபார் கிட்ஸ்' என்ற அமைப்பைத் தொடங்கினார். அதன் விழாவில் சவாரியோடு எழுத்துத் தேர்வும் உண்டு. யாழினி கேட்டது ஒன்றுதான்: "பிஸ்கட் எத்தனை கை?" அளந்தோம். 14.3. வழியெல்லாம் சிரிப்பு.

ஜூன் 23, வெள்ளி

மூட்டை கட்டும் நாள். டீமுக்கு ஒரு பெட்டி, அதற்கு ஒரு பட்டியல். மாற்றுக் கடிவாள வார், குதிரைக்கு முதலுதவி, மனிதருக்கு முதலுதவி, நூல் கட்டிய தெர்மாமீட்டர். நூல் எதற்கு என்று கேட்டேன். தெர்மாமீட்டரை வைக்கும் இடத்தைச் சொன்னதும் மேற்கொண்டு கேட்கவில்லை. பட்டியலில் ஒன்று குறைந்தாலும் புள்ளி போகும். குதிரை பராமரிப்புக்கு என்றே தனி நடுவர்கள் வருகிறார்கள்.

இரவு லாயத்தில் பிடரி மயிரைப் பின்னினார்கள். ஈரத் துணியால் நனைத்து, மூன்று இழை பிரித்து, இறுக்கிப் பின்னி, மடித்து, சின்ன ரப்பரால் உருண்டையாகக் கட்ட வேண்டும். யாழினி போட்ட முதல் நான்கு உருண்டையும் நான்கு அளவு. என் மனைவி பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு ஸ்டூலில் ஏறி, ஒரு வார்த்தை பேசாமல், பதினைந்து சடை போட்டு முடித்தாள். பத்து வருடம் மகளுக்குத் தலை பின்னிய கை. பிஸ்கட் நின்றபடியே தூங்கிவிட்டான். "இவன் உன்னை மாதிரி ஆடல" என்றாள் மகளிடம்.

நாளைக்கு இந்த உதவியெல்லாம் கிடையாது.

ஜூன் 24, சனி

பெற்றோர் லாயத்துக்குள் கால் வைக்கக்கூடாது. கயிறு கட்டியிருக்கிறார்கள். கயிற்றுக்கு இந்தப் பக்கம் நாங்கள், மடக்கு நாற்காலிகள், காபி. அந்தப் பக்கம் பிள்ளைகள் தண்ணீர் சுமக்கிறார்கள், லத்தி அள்ளுகிறார்கள், ஓடுகிறார்கள். காலை ஆறரைக்கு யாழினியின் வெள்ளை பிரீச்சஸில், அதாவது சவாரிக் கால்சட்டையில், பச்சையாக ஒரு கறை. பிஸ்கட் புல் தின்ற வாயைத் துடைத்திருக்கிறான். பையில் மாற்று உடை இருப்பது எனக்குத் தெரியும், எந்த அறையில் என்றும் தெரியும். சொல்ல முடியாது. அவளாகவே கண்டுபிடித்துக்கொண்டாள்.

9:48-க்கு அவள் முறை. மணி அடித்தால் 45 நொடிக்குள் உள்ளே நுழைய வேண்டும். ரீடர், லாயம் கவனிக்கும் பன்னிரண்டு வயதுப் பையன். குரல் இன்னும் உடையவில்லை, காற்று வேறு எதிர்ப்பக்கம். ஏயில் நுழைந்தாள், நேராக வந்தாள், எக்ஸில் நின்றாள், தலை குனிந்து வணங்கினாள். இதுவரை எல்லாம் அழகு. பையன் "சியில் இடப்பக்கம்" என்று வாசித்தான். எனக்கே கேட்டது. அவள் வலப்பக்கம் திரும்பினாள்.

ஹெச் பக்கம் போகவேண்டியவள் எம் பக்கம் போகிறாள். அக்கா கடை ஹல்வா எல்லாம் என் தொண்டையில் நிற்கிறது. மணி அடித்தது. நடுவர் ஏதோ சொன்னார், அவள் தலையாட்டினாள், சிக்குத் திரும்பி மறுபடி தொடங்கினாள். முதல் தப்புக்கு மொத்தத்தில் இரண்டு புள்ளி கழிப்பார்கள், அவ்வளவுதான். இரண்டு புள்ளி பெரிய விஷயமில்லை. அதற்குப் பிறகு அவள் தோள் இறுகிவிட்டது, அதுதான் பெரிய விஷயம். குதிரைக்கு அது உடனே தெரியும். கேன்டர் நடுவில் உடைந்து ட்ராட், அதாவது துள்ளோட்டம், ஆனது. 20 மீட்டர் வட்டம் முட்டையாகிவிட்டது.

ஒரே ஒரு இடம் மட்டும் நன்றாக இருந்தது. கடிவாளத்தைத் தளர்த்தி, குதிரையைக் கழுத்து நீட்டி நடக்கவிடும் பகுதி அது. பிஸ்கட் மூக்கைத் தரையருகே இறக்கி, முதுகு ஆட, சந்தைக்குப் போகும் பெரியவர் மாதிரி நிதானமாகக் குறுக்கே நடந்தான். அந்த நடைக்கு மார்க் இரண்டு மடங்காகக் கணக்காகும். பத்துக்கு ஏழு கிடைத்தது.

மொத்தம் 57.9 சதவீதம்.

ஜூன் 25, ஞாயிறு

மற்ற மூவரும் 61-க்கு மேல். யாழினியின் மார்க்தான் டிராப். ஏழு டீமில் எங்களுக்கு நான்காவது இடம்.

வரும் வழியில் ஒரு மணி நேரம் பேச்சே இல்லை. பென்சில்வேனியா எல்லையைத் தாண்டியதும் கேட்டாள்: "நான் போகாம இருந்திருந்தாலும் டீம் நாலாவதுதானே வந்திருக்கும்?"

கணக்குப்படி சரிதான். மூன்று பேர் போயிருந்தாலும் அதே கூட்டல்தான் வரும். "இல்ல சாமி, அப்படியில்ல..." என்று ஆரம்பித்து, அடுத்து என்ன சொல்வது என்று தெரியாமல், பெட்ரோல் போடவேண்டும் என்று ஒதுங்கினேன். டாங்க் பாதிக்கு மேல் இருந்தது.

ஆகஸ்ட் 10, வியாழன்

அந்தியூரில் ஆடித் திருவிழா. குருநாதசாமி கோயில் குதிரைச் சந்தைக்குப் போய் அம்மா வீடியோ அனுப்பியிருக்கிறாள், அதாவது பக்கத்து வீட்டுப் பையனை எடுக்க வைத்திருக்கிறாள். திப்பு சுல்தான் படைக்குக் குதிரை வாங்கிய சந்தை என்று எங்கள் ஊரில் சொல்வார்கள். சின்ன வயதில் அப்பா தோளில் உட்கார்ந்து பார்த்ததுதான் எனக்கு முதல் குதிரை.

வீடியோவில் கொட்டுக்கு ஒரு வெள்ளைக் குதிரை நின்ற இடத்திலேயே கால் தூக்கி ஆடுகிறது. யாழினி மூன்று தடவை பார்த்தாள். "அப்பா, இது பியாஃப் மாதிரியே இருக்கு" என்றாள். நின்ற இடத்தில் ட்ராட் போடும் அசைவு, கிராண்ட் பிரீ போன்ற உயர்நிலைத் தேர்வுகளில்தான் வரும். அப்புறம் வீடியோவை நிறுத்தி, வாயைக் காட்டினாள். ஆள் கடிவாளத்தைச் சுண்டிச் சுண்டி இழுக்கிறான், குதிரையின் வாய் திறந்திருக்கிறது, வால் அடிக்கிறது. "இதுக்கு நாலுதான் போடுவாங்க."

ஊர்ப்பாசத்தில் எனக்குக் கொஞ்சம் சுருக்கென்றது. ஆனாலும் அவள் சொன்னது சரி. வாய் எனக்கும் தெரிந்தது. முப்பத்தைந்து வருடமாகப் பார்க்கிறேன், இதுவரை கால்களை மட்டும்தான் பார்த்திருக்கிறேன்.

ஜூனுக்குப் பிறகு அவள் குதிரையைப் பற்றித் தானாகப் பேசியது இன்றுதான். லாயத்துக்குப் போகிறாள், வருகிறாள், அவ்வளவுதான். இலையுதிர் காலப் போட்டிக்குப் பெயர் கொடுக்கச் சொன்னதற்கு லாயம் கவனிக்கும் வேலைக்குத்தான் கொடுத்திருக்கிறாள். சவாரிக்கு இல்லை.

செப்டம்பர் 26, செவ்வாய்

விடிகாலை ஐந்தரைக்கு அண்ணன் வாட்ஸாப்பில்: ஹாங்சோ ஆசிய விளையாட்டில் டிரெஸ்ஸாஜ் டீம் போட்டியில் இந்தியாவுக்குத் தங்கம். கூடவே, "உன் மக ஆடற ஆட்டம்தானே இது?"

குதிரையேற்றத்தில் இந்தியாவுக்கு ஆசிய விளையாட்டுத் தங்கம் 1982 டெல்லிக்குப் பிறகு இப்போதுதான். 41 வருடம். டிரெஸ்ஸாஜில் டீம் தங்கம் இதுதான் முதல் தடவை. அனுஷ் அகர்வல்லா, ஹிருதய் சேடா, திவ்யாகிருதி சிங், சுதீப்தி ஹஜேலா. எல்லாரும் சின்ன வயது. அனுஷ் கொல்கத்தாவிலிருந்து பதின்ம வயதிலேயே ஜெர்மனிக்குப் பயிற்சிக்குப் போனவர். சுதீப்தி இந்தூர்ப் பெண், வயது 21.

பள்ளி பஸ்ஸுக்கு இருபது நிமிடம் இருந்தது. எழுப்பினேன். தலைமுடி கலைந்தபடி சமையலறையில் நின்றுகொண்டே என் போனில் மார்க் பட்டியலைத் தேடி எடுத்தாள். வீடியோ கூட வேண்டாமாம்.

இந்தியா 209.205. சீனா 204.882. ஹாங்காங் 204.852.

"வெள்ளிக்கும் வெண்கலத்துக்கும் நடுவுல 0.03 தான்" என்றாள். இட்லி தட்டில் ஆறிக்கொண்டிருந்தது. பேனா எடுத்து, பள்ளி நோட்டின் பின்னட்டையில் எழுதினாள். அனுஷ் 71.088. ஹிருதய் 69.941. திவ்யாகிருதி 68.176. கீழே கோடு போட்டுக் கூட்டினாள். 209.205. சரியாக வந்தது.

சுதீப்தியின் மார்க் 66.706. அதைக் கோட்டுக்குக் கீழே தனியாக எழுதினாள். கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இவங்க மார்க் கூட்டல்லயே வரலப்பா."

"ம்."

"மெடல் போட்டிருக்காங்களா?"

போட்டோவைக் காட்டினேன். நான்கு பேர், நான்கு தங்கம். போனைக் கண்ணுக்கு மிக அருகில் வைத்துப் பார்த்தாள், பெரிதாக்கிப் பார்த்தாள். எதுவும் சொல்லவில்லை. நானும் வாயை மூடிக்கொண்டேன். ஜூனில் பெட்ரோல் பங்க்கில் வராத பதில் இப்போது நாக்கு நுனிவரை வந்திருந்தது, ஆனாலும். அப்புறம் பஸ் ஹாரன் அடித்தது. இட்லியை ஒரே வாயில் போட்டுக்கொண்டு ஓடினாள். நோட்டை மேஜையிலேயே விட்டுவிட்டாள். மதியம் நான்தான் பள்ளிக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

செப்டம்பர் 30, சனி

மழை விட்டிருந்தது. கராஜிலிருந்து பேப்பர் தட்டுகளை எடுத்து வந்து டிரைவ்வேயில் வைத்தாள். ஹெச் தட்டை எலி கடித்திருந்தது, புதிதாக ஒன்று எழுதினோம். போட்டிப் பெயரை மாற்றினாயா என்று நான் கேட்கவில்லை. தாளை என் கையில் கொடுத்து, "வாசிங்கப்பா" என்றாள்.

வாசித்தேன். ஏயில் நுழைந்தாள், எக்ஸில் நின்று வணங்கினாள். சியை நெருங்கும்போது நான் வாயைத் திறப்பதற்குள் இடப்பக்கம் திரும்பிவிட்டாள்.

"வாசிக்கறதுக்கு முன்னாலயே போறியே, இதுக்கு மணி அடிக்க மாட்டாங்களா?" என்றேன்.

"நடுவில பேசக்கூடாதுப்பா" என்று ஹெச்சைத் தாண்டி ஓடினாள். பக்கத்து வீட்டுக்காரர் இந்தத் தடவை மெஷினை நிறுத்தவில்லை.