விளிம்பைத் தாண்டிய பிறகும் ஒரு தாவல்

கோடை விடுமுறைக்கு வந்திருந்த அக்கா மகன் மூன்றாம் நாள் மாலை கன்ட்ரோலரைச் சோபாவில் எறிந்துவிட்டு, "மாமா, இந்த கேம் ஏமாத்துது" என்றான். அவன் ஆடிக்கொண்டிருந்தது 2018இல் வெளியான செலஸ்ட். மேடலின் என்ற பெண் ஒரு மலையின் உச்சியை நோக்கி ஏறுகிறாள். குதிப்பது, சுவரைப் பற்றி ஏறுவது, காற்றில் ஒருமுறை பாய்வது ஆகிய மூன்றை மட்டும் வைத்துக்கொண்டு முள்ளும் பள்ளமுமாக இருக்கும் நூற்றுக்கணக்கான அறைகளைக் கடக்க வேண்டும். தான் சரியாகப் பொத்தானை அழுத்தியும் அவள் குதிக்காமல் பள்ளத்தில் விழுந்துவிட்டாள் என்பது அவனுடைய புகார். ஆட்டம் ஏமாற்றுகிறது என்பதில் எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை. அது பெரும்பாலும் அவனுக்குச் சாதகமாகவே ஏமாற்றுகிறது என்பதைப் புரியவைப்பதற்குத்தான் அன்று இரவுச் சாப்பாடு வரை ஆகிவிட்டது.

முதலில் ‘ஃபிரேம்’ என்ற சொல்லைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டியிருந்தது. திரையில் ஓடுவது போலத் தெரிவதெல்லாம் அடுத்தடுத்துக் காட்டப்படும் நிலைப்படங்கள். நொடிக்கு 60 படங்கள் என்றால் ஒவ்வொன்றும் ஏறத்தாழ 16.7 மில்லி விநாடி நிற்கிறது. அந்த இடைவெளிக்குள் ஆட்டம் பொத்தான்களைப் பார்க்கிறது, எல்லோரையும் ஓர் அடி நகர்த்துகிறது, யார் யாரை மோதினார்கள் என்று கணக்கிடுகிறது, புதிய படத்தை வரைகிறது. ஆடுபவர்கள் ‘ஒரு ஃபிரேமில் தவறவிட்டேன்’ என்று சொல்வது அளவுக்கு மீறிய பேச்சாகத் தோன்றலாம். ஆட்டத்தின் கடிகாரம் அந்த அலகில்தான் ஓடுகிறது என்பதால் அது நேர்பொருளிலேயே உண்மை.

பேசிப் புரியவைப்பதைவிடக் காட்டிவிடலாம் என்று என் கைபேசியின் ஸ்லோ மோஷனில் டிவியைப் படம்பிடித்தேன். அவன் ஓடிவந்து ஒரு மேடையின் விளிம்பிலிருந்து குதிக்க, அதை மெதுவாக நகர்த்திப் பார்த்தோம். மேடலினின் கால் விளிம்பை விட்டு விலகுகிறது. அடுத்த படத்தில் அவள் முழு உடலும் வெற்றிடத்தின் மேல் இருக்கிறது. அதற்கடுத்த படத்தில் சற்றுக் கீழே இறங்கவும் தொடங்கிவிட்டாள். அப்போதுதான் அவன் கட்டைவிரல் பொத்தானில் இறங்கியிருக்கிறது. அவளோ தரையில் நின்று உந்தியவளைப் போல ஒய்யாரமாக மேலே எழும்பினாள். பையன் அந்தத் துண்டை நான்கு முறை ஓட்டிப் பார்த்தான்.

இதற்குக் ‘கயோட்டி டைம்’ என்று பெயர். ரோட் ரன்னர் கார்ட்டூனில் கயோட்டி என்ற அந்த ஓநாய் போன்ற விலங்கு மலைமுகட்டைத் தாண்டி ஓடி, கீழே பார்க்கும்வரை விழாமல் காற்றில் நிற்குமல்லவா, அந்தக் காட்சியிலிருந்து வந்த பெயர் அது. செலஸ்ட்டில் இந்தச் சலுகை 0.1 விநாடி, அதாவது சுமார் ஆறு ஃபிரேம்கள். மனிதக் கண் விளிம்பைக் கண்டு, மூளை முடிவெடுத்து, விரல் அசைவதற்குள் கால் தரையை விட்டிருக்கும். கணக்குப்படி நடந்தால் பல தாவல்கள் தோற்றுவிடும். தோற்றவரோ தான் சரியான நேரத்தில் அழுத்தியதாகவே நம்புவார். அந்த நம்பிக்கையை உண்மையாக்கிவிடுவதே ஆட்டத்தை வடிவமைப்பவர் செய்யும் வேலை.

இதன் மறுபக்கம் ‘இன்புட் பஃபர்’. தரையைத் தொடுவதற்குச் சில ஃபிரேம்கள் முன்பாகவே அவசரப்பட்டுக் குதிக்கும் பொத்தானை அழுத்திவிட்டால், ஆட்டம் அந்தக் கட்டளையைத் தூக்கியெறியாமல் கையில் வைத்திருந்து, கால் பதிந்த கணத்தில் நிறைவேற்றுகிறது. தலை ஒரு கட்டையின் மூலையில் லேசாக இடித்தால், மேடலினைச் சில பிக்சல்கள் பக்கவாட்டில் தள்ளி மேலே போக விட்டுவிடுகிறது. முட்களிலும் ஒரு தாராளம் உண்டு: முள் நீட்டிக்கொண்டிருக்கும் அதே திசையில் அவள் விலகிப் போய்க்கொண்டிருந்தால் உரசினாலும் சாவதில்லை. கடினமான ஆட்டம் என்று பெயரெடுத்த ஒன்றுக்குள் இத்தனை இரக்கம் ஒளிந்திருப்பது எனக்கு இன்றும் வேடிக்கையாகத்தான் இருக்கிறது.

இவை புதிய கண்டுபிடிப்புகள் என்று நினைத்துவிடக் கூடாது. 1980இல் நாம்கோ நிறுவனத்தின் தோரு இவதானி உருவாக்கிய பேக்-மேனிலேயே இந்தக் குணம் இருக்கிறது. திருப்பத்தை அடைவதற்குச் சில பிக்சல்கள் முன்பே ஜாய்ஸ்டிக்கைத் திருப்பிவிட்டால் பேக்-மேன் மூலையைக் குறுக்காக வெட்டிக்கொண்டு போகும். துரத்தும் பேய்களுக்கு அந்த வசதி கிடையாது. ஒவ்வொரு மூலையிலும் கொஞ்சம் கொஞ்சமாக இடைவெளி கூடுவது அதனால்தான்.

புகார்களின் அடுத்த வரிசை, ‘என் மேல் படவே இல்லை, ஆனாலும் செத்துவிட்டேன்’ என்பது. இங்கே தெரிய வேண்டிய சொல் ‘ஹிட்பாக்ஸ்’. திரையில் தெரியும் உருவத்தைக் கணினி மோதலுக்குக் கணக்கில் எடுப்பதில்லை. அதன் மேல் கண்ணுக்குத் தெரியாத பெட்டி ஒன்றோ சிலவோ பொருத்தப்பட்டிருக்கும், அவை தொட்டால்தான் அடி. சண்டை ஆட்டங்களில் இதை இன்னும் நுணுக்கமாகப் பிரிப்பார்கள்: அடிக்கும் கையின் மேலிருப்பது ஹிட்பாக்ஸ், அடிபடும் உடலின் மேலிருப்பது ஹர்ட்பாக்ஸ். நல்ல வடிவமைப்பாளர்கள் எதிரியின் பெட்டியைத் தாராளமாகவும் நம்முடைய பெட்டியைச் சிக்கனமாகவும் வரைவார்கள். இதன் உச்சத்தைப் பார்க்க வேண்டுமென்றால் ஜப்பானியத் தோஹோ வரிசை ஆட்டங்களைப் பார்க்கலாம். திரை முழுக்கத் தோட்டா மழை பொழியும். நம் கதாபாத்திரம் பாவாடையும் ரிப்பனுமாக நன்றாகவே இடத்தை அடைத்துக்கொண்டிருப்பாள். ஆனால் அடிபடும் பகுதி அவள் நடுவில் உள்ள சிறு புள்ளி மட்டுமே. அதை அறியாதவர் பக்கத்தில் நின்று பார்த்தால் ஆடுபவரை மாயக்காரர் என்றே நினைப்பார்.

அடிபட்டவுடன் கதாபாத்திரம் சற்று நேரம் விட்டுவிட்டு மின்னுவதைச் சிறுவயதில் அலங்காரம் என்றே நினைத்திருந்தேன். எங்கள் தெருவில் மணிக்கணக்கில் காசு வாங்கிக்கொண்டு டிவி கேம் ஆட விட்ட ஒரு வீட்டில், கேசட்டை ஊதி ஊதிச் சொருகி ஆடிய மாரியோவில் அதை ஆயிரம் தடவையாவது பார்த்திருப்பேன். பெரிய மாரியோ எதிரியைத் தொட்டுச் சிறியவனாகி மின்னும் அந்த நேரத்தில் வேறெந்த எதிரியும் அவனைத் தொட முடியாது. அந்தப் பாதுகாப்பு ஃபிரேம்களைச் சுருக்கமாக ‘ஐ-ஃபிரேம்’ என்கிறார்கள். இது இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று யோசித்தால்தான் அதன் அருமை புரியும்: மோதல் ஒவ்வொரு ஃபிரேமிலும் கணக்கிடப்படுவதால், ஓர் எதிரியின் மேல் அரை விநாடி ஒட்டிக்கொண்டிருந்தாலே முப்பது அடிகள் விழுந்து, எவ்வளவு உயிர் மிச்சமிருந்தாலும் தீர்ந்துவிடும். தற்காப்பாகத் தொடங்கிய இதையே டார்க் சோல்ஸ் போன்ற ஆட்டங்கள் உத்தியாக மாற்றிவிட்டன. அங்கே உருளும்போது சில ஃபிரேம்களுக்கு வாள் நம் உடலை ஊடுருவிப் போகும். அரக்கன் கோடரியை இறக்கும்போது பின்வாங்கி ஓடுபவர் சாவார். கோடரிக்குள்ளேயே உருள்பவர் பிழைப்பார்.

உயிர் அளவைக் குறிக்கும் ‘எச்பி’, அனுபவப் புள்ளிகளான ‘எக்ஸ்பி’, அவை சேரச் சேர உயரும் ‘லெவல்’ ஆகியவற்றை அவனுக்கு விளக்க வேண்டிய தேவையே இருக்கவில்லை. அவை 1974இல் வந்த டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற மேசை ஆட்டத்தின் வழியாகக் கணினிக்குள் பரவியவை என்பது மட்டும் அவனுக்குப் புதிய செய்தி.

ஆன்லைன் துப்பாக்கி ஆட்டங்களைப் பற்றிய அவனுடைய குறைக்கு மட்டும் என்னிடம் முழு ஆறுதல் இருக்கவில்லை. சுவருக்குப் பின்னால் ஓடி மறைந்த பிறகும் எதிரியின் தோட்டா பட்டுச் செத்ததாக அவன் சொன்னான். பள்ளி நண்பர்கள் எல்லோரும் இதையே சொல்கிறார்களாம். அவர்கள் சொல்வது சரிதான். ‘பிங்’ 100 மில்லி விநாடி என்றால், நம் கைபேசியிலிருந்து செய்தி சர்வருக்குப் போய்த் திரும்ப அவ்வளவு நேரம் ஆகிறது என்று பொருள். ஆகவே சுடுபவர் திரையில் காண்பது, சிறிது நேரம் முன்பு நாம் நின்ற இடத்தை. அவர் குறிபார்த்தது சரியாக இருந்தும் சர்வரின் தற்போதைய கணக்குப்படி நாம் அங்கே இல்லை என்று தள்ளிவிட்டால், ஓடும் யாரையும் யாராலும் சுட முடியாமல் போய்விடும். எனவே பல ஆட்டங்களில் சர்வர் காலத்தைப் பின்னோக்கி ஓட்டி, சுட்டவர் பொத்தானை அழுத்திய கணத்தில் அவர் திரையில் எல்லோரும் எங்கே தெரிந்தார்களோ அங்கே வைத்துப் பார்த்துத் தீர்ப்பு வழங்குகிறது. இதற்கு ‘லேக் காம்பென்சேஷன்’ என்று பெயர். ஹாஃப்-லைஃப் ஆட்டத்தைச் செய்த வால்வ் நிறுவனத்தின் யான் பெர்னியர் 2001இலேயே இதை விரிவாக எழுதிவிட்டார். நொடிக்கு ஆறு மீட்டர் ஓடுபவர் 100 மில்லி விநாடியில் 60 சென்டிமீட்டர் கடப்பார். சுவருக்குள் தோளை இழுத்துக்கொள்ள அது போதும். ஆக, சுட்டவருக்குக் கிடைக்கும் நியாயத்தின் விலையை மறைந்தவர் கொடுக்கிறார். இரண்டு பேர் இரண்டு வெவ்வேறு கணங்களில் வாழும்போது இருவரையும் திருப்திப்படுத்தும் தீர்ப்பு எதுவும் கிடையாது.

பகடை உருட்டும் ஆட்டங்களில் நடப்பது இன்னும் துணிச்சலானது. தற்செயலைத் தீர்மானிக்கும் நிரல் பகுதியை ஆடுபவர்கள் ‘ஆர்என்ஜி’ என்பார்கள். ஃபயர் எம்பளம் வரிசையில் அடிப்பதற்கு முன் ‘90 சதவீதம்’ என்று வாய்ப்பு காட்டப்படும். 2002இல் வந்த பைண்டிங் பிளேடு பாகத்தில் தொடங்கி, அந்த ஆட்டம் ஓர் எண்ணுக்குப் பதிலாக இரண்டு எண்களை எடுத்து அவற்றின் சராசரியோடு ஒப்பிட்டது. கணக்குப் போட்டுப் பார்த்தால், 90 என்று காட்டப்பட்டது உண்மையில் சுமார் 98. 75 என்பது ஏறத்தாழ 88. 10 என்பது வெறும் 2 சதவீதம். நேர்மையான 90 சதவீதத்தில் பத்துக்கு ஒரு முறை தவறும், தவறும் அந்த ஒரு முறையையே மனம் பிடித்துக்கொண்டு தொங்கும். சிவிலிசேஷன் ஆட்டத்தின் சிட் மையரும் 2010இல் நிகழ்த்திய ஓர் உரையில் இதே அனுபவத்தைச் சொல்லியிருக்கிறார்: மூன்றுக்கு ஒன்று என்று தமக்குச் சாதகமாக இருக்கும் போரில் தோற்றால் கொதிப்பவர்கள், ஒன்றுக்கு மூன்று என்று பாதகமாக இருந்து வென்றுவிட்டால் அதில் எந்தக் குறையும் காண்பதில்லை.

கார் பந்தயங்களில் பின்தங்கியவரை இழுத்துப் பிடிக்கும் ‘ரப்பர் பேண்டிங்’ எனக்குப் பிடிக்காது. கணினி ஓட்டும் கார்கள் நாம் முந்தியவுடன் திடீரென வேகம் பெறுவதைப் பார்த்தால், நன்றாக ஓட்டியதற்குத் தண்டனை கிடைத்தது போலிருக்கிறது. கடைசியில் வருபவருக்கு நல்ல ஆயுதத்தைத் தரும் மாரியோ கார்ட்டின் வழி பரவாயில்லை. அங்கே உதவி எல்லோர் கண்ணுக்கும் தெரியும்படி நடக்கிறது.

இதுவரை சொன்ன பொய்கள் ஆடுபவரின் விரலுக்கும் கண்ணுக்கும் இடையிலுள்ள இடைவெளியை நிரப்புபவை. ‘கச்சா’ ஆட்டங்களுக்கு வரும்போதுதான் எனக்குக் குரல் கொஞ்சம் கடுமையாகிறது. ஜப்பானில் காசு போட்டுத் திருகினால் ஏதோவொரு பொம்மை அடங்கிய உருண்டை விழும் இயந்திரத்தின் பெயரிலிருந்து வந்த சொல் இது. 2020இல் வெளியான கென்ஷின் இம்பேக்ட்டில் மிக அரிதான ஐந்து நட்சத்திரக் கதாபாத்திரம் கிடைக்க, குலுக்கல் போல இழுக்கும் ஒவ்வொரு முறைக்கும் 0.6 சதவீத வாய்ப்பு. ஆனால் 90 முறைக்குள் ஒன்று கட்டாயம் கிடைத்துவிடும். அந்த உத்தரவாதத்துக்குப் ‘பிட்டி’, அதாவது பரிதாபம் என்று பெயர். அந்த உத்தரவாதம் இல்லாமல் 0.6 மட்டுமே இருந்திருந்தால், 90 முறை இழுத்த நூறு பேரில் ஏறத்தாழ 58 பேர் வெறுங்கையோடு போயிருப்பார்கள். கணக்கில் பார்த்தால் இது இரக்கம்தான். அதே வேளையில், எழுபது முறை இழுத்துவிட்டவருக்கு ‘இன்னும் இருபதுதான்’ என்ற எண்ணத்தைக் கொடுத்துப் பணப்பையைத் திறக்க வைப்பதும் அதுவேதான். கயோட்டி டைம் நாம் தோற்காமல் பார்த்துக்கொள்கிறது. இது நாம் நிறுத்தாமல் பார்த்துக்கொள்கிறது. குறிப்பிட்ட அட்டைகளை முழுத் தொகுப்பாகச் சேர்த்தால்தான் பரிசு என்ற ‘கம்ப்ளீட் கச்சா’ முறைக்கு ஜப்பான் அரசு 2012இலேயே தடை போட்டது.

பையன் இதையெல்லாம் எவ்வளவு கேட்டான் என்று தெரியாது. சாப்பிட்டுவிட்டு மறுபடி உட்கார்ந்தவன், செலஸ்ட்டின் மெனுவில் ‘அசிஸ்ட் மோட்’ என்ற ஒன்று இருப்பதைக் கண்டுபிடித்தான். ஆட்டத்தின் வேகத்தைப் பத்துப் பத்து சதவீதமாக 50 வரை குறைக்கலாம், சாகாமலே ஆடலாம்; இங்கே எதுவும் ஒளிக்கப்படவில்லை, எந்த உதவி எவ்வளவு வேண்டும் என்று ஆடுபவரே குறித்துக்கொள்கிறார். அவன் 70க்குக் குறைத்து, மாலையிலிருந்து விழுந்துகொண்டிருந்த அறையை இரண்டே முயற்சியில் கடந்தான். பிறகு என்ன நினைத்தானோ, மெனுவுக்குப் போய் வேகத்தை 100க்கே திருப்பி வைத்துவிட்டு, அதே அறையை முதலிலிருந்து தொடங்கினான். நான் விளக்கை அணைக்கச் சொன்னபோது பதினோராவது முறையாகச் செத்திருந்தான்; "இப்ப விளிம்புல லேட்டா அமுக்கிப் பாக்கிறேன் மாமா" என்றான், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.